ஒருங்கிணைப்புச் சேவையகத்தில் மாதிரிச் சேவையைச் சோதித்தல்

ஒரு பொறியின் உறுப்புகள் ஒவ்வொன்றும் தனித்தனியே குற்றமற்றன என நிறுவப்பட்டுவிட்டால், அப்பொறி முழுவதும் குற்றமற்றது எனக் கொள்ளலாமோ என்பது பொறியியலறிஞர் நெடுங்காலமாக ஆராய்ந்து வரும் வினாவாகும். மேலெழுந்தவாரியாக நோக்குவார்க்கு 'ஆம்' என்பதே அதற்கு விடையாகத் தோன்றும். ஆயின் அனுபவம் அவ்விடையை மறுக்கின்றது. உறுப்புகள் தம்மளவிற் செவ்வையாக இயங்கினும், அவை ஒன்றோடொன்று கூடுமிடத்திற் குற்றம் பிறத்தல் உண்டு. அக்குற்றம் எந்த ஓர் உறுப்பினுள்ளும் இல்லாது, இரண்டிற்கும் இடையேயுள்ள உடன்பாட்டில் மறைந்து கிடப்பதாதலின், தனித்தனிச் சோதனைகளுக்கு அகப்படுவதில்லை.

இவ்வுண்மையைப் பெரும் பொருட்செலவில் உலகுக்கு உணர்த்திய நிகழ்ச்சி ஒன்றுண்டு. செவ்வாய்க் கிரகத்தின் காலநிலையை ஆராய்தற்பொருட்டு அமெரிக்க விண்வெளி நிறுவனமாகிய நாசா, 1998ஆம் ஆண்டு டிசெம்பர் மாதம் 11ஆந் திகதி விண்கலம் ஒன்றை அனுப்பியது. ஒன்பது மாதங்களுக்கு மேலாகப் பயணஞ் செய்த அக்கலம், 1999ஆம் ஆண்டு செப்டெம்பர் 23ஆந் திகதி செவ்வாயை அடைந்தவுடன் தொடர்பிழந்து அழிந்தது. சிறு உந்துகணைகளின் கணத்தாக்கைக் கணித்து எழுதிய செய்நிரல் அதனை இறாத்தல் விசைச் செக்கனில் எழுதிவைத்தது. அவ்வெண்ணைப் பெற்றுக் கலத்தின் பாதையைக் கணித்த செய்நிரலோ, ஒப்பந்தத்திற் கூறியவாறு அதனை நியூற்றன் செக்கன் எனப் படித்தது. ஓர் இறாத்தல் விசை ஏறத்தாழ 4.45 நியூற்றனுக்குச் சமமாகும். ஆகவே செவ்வாயின் மேற்பரப்பிலிருந்து 226 கிலோமீற்றர் உயரத்திற் செல்லவேண்டிய கலம் ஏறத்தாழ 57 கிலோமீற்றர் உயரத்திற் சென்றதென்று பின்னர்க் கணிக்கப்பட்டது. கூட்டலிலோ பெருக்கலிலோ எவரும் பிழைக்கவில்லை. இரு செய்நிரல்களுக்கும் இடையிலான உடன்பாடு மீறப்பட்டமையும், அம்மீறல் உரிய காலத்திற் சோதித்து அறியப்படாமையுமே அழிவுக்குக் காரணமாயின.

இன்று வங்கி, வைத்தியசாலை, சுங்கத் திணைக்களம், பரீட்சைத் திணைக்களம் முதலியவற்றின் கணினிகள் ஒன்றோடொன்று இடையறாது பேசிக்கொள்கின்றன. அவற்றின் உரையாடலை நடுநின்று நடத்துவது ஒருங்கிணைப்புச் சேவையகம். அதனை நம்பி உண்மையான அலுவல்களை ஒப்படைப்பதற்கு முன், சிறு மாதிரிச் சேவை ஒன்றைக் கொண்டு அதனைச் சோதித்தல் மரபு. அச்சோதனை யாங்ஙனம் நிகழ்கின்றது, அதனால் அறியப்படுவது யாது, அறியப்படாது எஞ்சுவது யாது என்பன ஈண்டு விளக்கப்படும்.

வலைச் சேவை

ஒரு கணினியிலுள்ள செய்நிரல், வலையின் வழியே வேறொரு கணினியிலுள்ள செய்நிரலிடம் ஒரு தொழிலை வேண்டிப் பெறுமாறு அமைந்த ஏற்பாடே வலைச் சேவை எனப்படும். வேண்டுவதை வேண்டுநர் என்றும், நிறைவேற்றுவதை வழங்குநர் என்றும் கூறலாம். இவ்விரண்டும் வெவ்வேறு மொழிகளில் எழுதப்பட்டனவாகவும், வெவ்வேறு நாடுகளில் உள்ளனவாகவும் இருத்தல் கூடும். ஆகவே இரண்டிற்கும் பொதுவான எழுத்து முறை ஒன்று வேண்டப்படும்.

அவ்வெழுத்து முறைகளுட் சிறந்ததாகிய எக்ஸ்.எம்.எல். 1998ஆம் ஆண்டு பெப்ரவரி மாதத்தில் நியமமாக ஏற்கப்பட்டது. அதனைக் கொண்டு செய்தி எழுதும் விதிகளை வகுத்த சோப் எனும் முறையின் 1.1ஆம் பதிப்பு 2000ஆம் ஆண்டு மே மாதத்திலும், 1.2ஆம் பதிப்பு 2003ஆம் ஆண்டு ஜூன் மாதத்திலும் வெளியாயின. சோப் செய்தியானது தபாலில் வருங் கடிதத்தை ஒத்தது. அதற்கு உறை ஒன்றுண்டு. உறையினுள்ளே வழிக்குறிப்புகளைக் கொண்ட தலைப்பும், சொல்லவேண்டிய பொருளைக் கொண்ட உடலும் அமைந்திருக்கும். தலைப்பு வேண்டுமாயின் இருக்கலாம், இல்லாதொழியலாம், உடல் இன்றியமையாதது.

வழங்குநர் எத்தொழில்களைச் செய்யும், எவ்வடிவிற் கேட்டல் வேண்டும், எவ்வடிவில் விடை வரும் என்பவற்றை முன்கூட்டியே எழுதிவைக்கும் உடன்படிக்கைப் பத்திரம் டபிள்யூ.எஸ்.டி.எல். எனப்படும். அதன் 1.1ஆம் பதிப்பு 2001ஆம் ஆண்டு மார்ச்சு மாதத்தில் வெளியாயிற்று. அப்பதிப்பை எழுதிய நால்வருள் இலங்கையரான சஞ்சீவ வீரவரண ஒருவர் என்பது அறியத்தக்கது.

2000ஆம் ஆண்டில் ரோய் ஃபீல்டிங் என்பார் தமது கலாநிதிப் பட்ட ஆய்வேட்டில் விளக்கிய ரெஸ்ற் எனும் எளிய முறை பிற்காலத்தில் மிகப் பரவியது. புதியனவாக அமையுஞ் சேவைகளுட் பெரும்பாலன அம்முறையையே தழுவுகின்றன. எனினும் வங்கிகளிலும் அரசாங்க அலுவலகங்களிலும் சோப் முறைச் சேவைகள் இன்றும் இயங்குகின்றன. ஈண்டுக் கூறப்படும் சோதனை நெறி இரு முறைகளுக்கும் பொதுவாகும்.

நடுவரின் தொழில்

பத்து அமைப்புகள் ஒவ்வொன்றும் ஏனைய எல்லாவற்றோடும் நேரே இணைக்கப்படுமாயின் 45 இணைப்புகள் வேண்டப்படும். இருபது அமைப்புகளாயின் 190 வேண்டப்படும். அமைப்புகள் இருமடங்காகும்போது இணைப்புகள் நான்கு மடங்கிற்கும் மேலாகப் பெருகுதல் காண்க. இவற்றுள் ஓர் அமைப்பு தன் செய்தியின் வடிவத்தை மாற்றினால், அதனோடு இணைந்த அனைத்தும் மாறவேண்டியதாகும். இவ்விடர்ப்பாட்டை நீக்குதற்பொருட்டு எல்லா அமைப்புகளையும் நடுவிலுள்ள ஒரு சேவையகத்தோடு மட்டும் இணைப்பர். அப்பொழுது பத்து அமைப்புகளுக்குப் பத்து இணைப்புகளே போதும்.

இந்நடுவர் ஆற்றுந் தொழில்கள் பலவாயினும் அவற்றை நான்காக அடக்கலாம். செய்தியைப் படித்து உரிய வழங்குநருக்கு அனுப்புதல் முதலாவது. ஒருவரது வடிவிலுள்ள செய்தியை மற்றவரது வடிவிற்கு மாற்றுதல் இரண்டாவது. வழங்குநர் இயங்காதவிடத்து மாற்று வழி காண்டல் மூன்றாவது. நிகழ்ந்தவற்றைப் பதிவு செய்தல் நான்காவது. இவற்றுள் எதிலேனும் நடுவர் தவறுமாயின், அதனோடு இணைந்த அமைப்புகள் அனைத்தும் ஒருங்கே இடர்ப்படும். இணைப்புகளைக் குறைத்ததனால் உண்டான நன்மை, இடரை ஓரிடத்திற் குவித்ததனாலுண்டாகும் தீமையோடு சேர்ந்தே வருகின்றது. நடுவரைச் சோதித்தலின் இன்றியமையாமை இதனால் விளங்கும்.

இத்துறையில் இலங்கைக்குத் தனியிடம் உண்டு. 2003ஆம் ஆண்டில் நிறுவப்பெற்ற லங்கா மென்பொருள் மன்றத்தின் ஆதரவில், இந்நாட்டு இளம் பொறியியலாளர் பலர் அப்பாச்சி அமைப்பின் அக்ஸிஸ்2 எனும் வலைச் சேவை இயந்திரத்தை ஆக்குவதிற் பெரும் பங்கு கொண்டனர். 2005ஆம் ஆண்டில் சஞ்சீவ வீரவரண, போல் ஃப்ரீமன்ரல் முதலானோர் டபிள்யூ.எஸ்.ஓ.2 எனும் நிறுவனத்தைத் தொடங்கினர். கொழும்பிலுள்ள பொறியியலாளரால் ஆக்கப்பட்ட அந்நிறுவனத்தின் ஈ.எஸ்.பி. எனும் ஒருங்கிணைப்புச் சேவையகம், அப்பாச்சி சினப்ஸ் எனும் திறந்த மூலச் செய்நிரலை அடிப்படையாகக் கொண்டு 2007ஆம் ஆண்டில் வெளிவந்தது. அச்சேவையகத்தோடு வழங்கப்பட்ட மாதிரிச் சேவையே இக்கட்டுரைக்கு எடுத்துக்காட்டாக அமைகின்றது. அப்பெயரிலான பதிப்புகளுக்குப் பின்னர் வேறு பெயர்களில் வழித்தோன்றல்கள் வந்துவிட்டனவெனினும், மாதிரி கற்பிக்கும் பாடம் மாறவில்லை.

மாதிரியின் அமைப்பு

மாதிரியில் மூன்று பகுதிகள் உள்ளன. பங்குகளின் விலையைக் கூறும் சிறு வழங்குநர், அக்ஸிஸ்2 சேவையகம் ஒன்றில், 9000ஆம் இலக்கத் துறையில் இயங்கும். நடுவராகிய ஈ.எஸ்.பி. 8280ஆம் இலக்கத் துறையிற் செய்திகளை எதிர்பார்த்திருக்கும். கட்டளை வரியிலிருந்து ஏவப்படும் சிறு செய்நிரல் வேண்டுநராக நிற்கும். வேண்டுநர் ஒரு நிறுவனத்தின் குறியீட்டை, உதாரணமாக ஐ.பி.எம். என்பதை அனுப்பினால், வழங்குநர் அந்நிறுவனப் பங்கின் விலையைத் திருப்பி அனுப்பும். விலை கேட்டலேயன்றிப் பங்கு வாங்கக் கட்டளையிடல், பல குறியீடுகளின் நிலவரத்தை ஒருங்கே கேட்டல் முதலிய தொழில்களும் அதிலுண்டு.

இத்துணைச் சிறியதொரு சேவை உலகில் எவருக்கும் பயன்படாது. அது கூறும் விலைகளும் உண்மை விலைகளல்ல; எழுமாற்றாகத் தோற்றுவிக்கப்படும் எண்களே. அவ்வாறாயின் இதனைக் கொண்டு சோதிப்பதாற் பயன் யாதென்று வினவலாம். இதன் எளிமையே இதன் பயனாகும். இரசாயன ஆய்வுகூடத்தில் மாணவன் ஒருவன், அறியப்படாத கரைசலைச் சோதிப்பதற்கு முன் அறியப்பட்ட கரைசல் ஒன்றைச் சோதித்துத் தன் கருவிகளும் சோதனைப் பொருள்களும் செவ்வையாக உள்ளனவோ எனத் தெளிகின்றான். அறியப்பட்டதற்குரிய விளைவு தோன்றாவிடிற் குற்றம் கருவியிலோ செய்முறையிலோ உளது என்பது துணிபு. அதுபோலவே மாதிரிச் சேவையின் இயல்பு முழுவதும் முன்னரே அறியப்பட்டிருத்தலின், விளைவிற் காணப்படும் பிறழ்ச்சி நடுவரிடத்தோ அதன் அமைப்பு விதிகளிடத்தோ உளதெனத் துணியலாம். பெரியதும் சிக்கலானதுமான உண்மைச் சேவையைக் கொண்டு முதற் சோதனையைத் தொடங்குபவர், பிறழ்ச்சி தோன்றியவிடத்து அதன் மூலத்தைத் தேடிப் பல நாட்களை இழப்பர்.

படிமுறை

சோதனையின் முதற்படியில் நடுவர் பங்குகொள்வதில்லை. வேண்டுநர் 9000ஆம் துறைக்கு நேரே செய்தியை அனுப்பி விடை பெறுதல் வேண்டும். இதனால் வேண்டுநரும் வழங்குநரும் தம்முள் உடன்பட்டுள்ளன என்பது நிறுவப்படும். இரண்டாம் படியில் அதே செய்தி நடுவர் வழியே அனுப்பப்படும். நடுவர் அதனை எவ்வித மாற்றமுஞ் செய்யாது வழங்குநரிடம் ஒப்படைத்து, விடையையும் அவ்வாறே திருப்பித் தரவேண்டும். மூன்றாம் படியில் நடுவர் தன் உண்மைத் தொழிலைத் தொடங்கும்.

மூன்றாம் படிக்கு மாதிரியில் நல்லதோர் உதாரணம் உண்டு. வேண்டுநர் தன் செய்தியில் 'விலை பார்த்தல்' எனும் பொருளுடைய பெயரையும், 'குறி' எனும் பொருளுடைய உறுப்பையும் வைத்து அனுப்பும். வழங்குநரோ வேறு பெயரையும் 'குறியீடு' எனும் பொருளுடைய வேறு உறுப்பையுமே அறியும். நடுவர், எக்ஸ்.எஸ்.எல்.ரி. எனும் உருமாற்ற விதிகளைக் கொண்டு முதல் வடிவை இரண்டாம் வடிவாக்கி அனுப்பி, விடை வருங்கால் அதனை மீண்டும் வேண்டுநர் அறிந்த வடிவாக்கிக் கொடுக்கும்.

ஒரு படிக்கும் அடுத்த படிக்கும் இடையில் ஒன்றே ஒன்று மாறுதல் வேண்டும் என்பது இங்குக் கடைப்பிடிக்கப்படும் விதியாகும். முதற்படி நிறைவேறி இரண்டாம் படி தவறினால், புதிதாகச் சேர்ந்தது நடுவர் ஒன்றேயாதலின் குற்றம் அதனிடத்தே தேடப்படும். இரண்டாம் படி நிறைவேறி மூன்றாம் படி தவறினால் உருமாற்ற விதிகளே ஆராயப்படும். படிகளைத் தாண்டிச் செல்பவர் காலத்தை மிச்சப்படுத்துவதாக எண்ணுவர். குற்றம் தோன்றும்போது அக்காலத்தைப் பன்மடங்காகத் திருப்பிக் கொடுப்பர்.

இத்தகைய சோதனைகளிற் புதியோர் அடிக்கடி தடுக்கி விழும் இடம் ஒன்றைக் குறிப்பிடுதல் தகும். எக்ஸ்.எம்.எல். செய்தியில் ஓர் உறுப்பின் பெயர் அது சார்ந்த பெயர்வெளியோடு சேர்ந்தே பொருள் தரும். யாழ்ப்பாணத்துக் கந்தையாவும் மட்டக்களப்புக் கந்தையாவும் பெயரால் ஒன்றாயினும் ஆளால் வேறாதல் போல, ஒரே பெயருடைய இரு உறுப்புகள் பெயர்வெளி வேறாயின் வெவ்வேறு உறுப்புகளேயாம். கண்ணுக்கு எல்லாஞ் சரியாகத் தோன்றியும் உருமாற்றம் வெறுமையான விடையைத் தருமாயின், முதலில் ஐயுறத்தக்கது பெயர்வெளியே.

சரியான விடை எது?

விடை வந்தது என்பதும் சரியான விடை வந்தது என்பதும் ஒன்றல்ல. மாதிரி வழங்குநர் கூறும் விலை எழுமாற்றானதாகலின், ஒரு முறை வந்த விலை மறுமுறை வராது. ஆகவே 'இன்ன விலை வருதல் வேண்டும்' என்று முன்கூட்டியே எழுதிவைத்து ஒப்பிடுதல் இயலாது. இது மாதிரியின் குறைபாடு போலத் தோன்றினும், சோதிப்பவரை ஒரு நல்ல கேள்விக்கு ஆளாக்குகின்றது. மாறத்தக்கன எவை, மாறத்தகாதன எவை எனப் பகுத்துணர்தல் வேண்டும். விலை மாறலாம். கேட்ட குறியீடே விடையிலும் இருத்தல், விலை எண்ணாக இருத்தல், விடை உடன்படிக்கையிற் கூறிய வடிவில் இருத்தல் என்பன மாறத்தகாதவை. சோதனை இம்மாறாத பண்புகளையே அளத்தல் வேண்டும்.

நடுவர் விலையைத் திரிக்கவில்லை என்பதை அறிதற்கும் வழியுண்டு. ரி.சி.பி.மொன் எனும் சிறு கருவியை இரு பகுதிகளுக்கு இடையே நிறுத்தினால், அது கடந்துசெல்லும் செய்திகளை எழுத்தெழுத்தாகக் காட்டி அப்படியே அப்பாற் செலுத்தும். வழங்குநரிடமிருந்து புறப்பட்ட விலையையும் வேண்டுநரிடம் சேர்ந்த விலையையும் இவ்வாறு ஒப்பிட்டுக் காணலாம். பேசுபவர் கூற்றையும் கேட்பவர் கூற்றையும் மட்டும் நம்பாது, இடைவழியிற் சென்ற செய்தியையே படித்தறிதல் ஒருங்கிணைப்புச் சோதனையின் உயிர்நிலையாகும்.

விடையில்லாச் செய்தி

பங்கு வாங்கக் கட்டளையிடும் தொழில் ஒருவழித் தொழிலாகும். வேண்டுநர் கட்டளையை அனுப்பும். அதற்கு விடைச் செய்தி வராது. எச்.ரி.ரி.பி. முறையில், கட்டளை பெறப்பட்டது என்பதை உணர்த்தும் 202 எனும் நிலைக்குறி மட்டும் திரும்பும். பெறப்பட்டது என்பது நிறைவேற்றப்பட்டது எனப் பொருள்படாது. தபாற் கந்தோரிற் கடிதத்தை ஒப்படைத்தமைக்குப் பற்றுச்சீட்டுப் பெற்றவர், கடிதம் உரியவர் கையிற் சேர்ந்துவிட்டதெனக் கொள்ளமாட்டார்.

ஆதலால் ஒருவழித் தொழிலைச் சோதிக்குமிடத்து வேண்டுநரின் முனையிற் காண்பது போதாது. வழங்குநரின் முனைக்குச் சென்று காண்டல் வேண்டும். மாதிரி வழங்குநர் தான் ஏற்ற கட்டளைகளுக்கு ஒன்று, இரண்டு எனத் தொடரிலக்கமிட்டுத் தன் பதிவில் எழுதும். பத்துக் கட்டளைகளை அனுப்பிய பின் அத்தொடரிலக்கம் பத்தாகவே இருத்தல் வேண்டும். ஒன்பதாயின் ஒரு கட்டளை வழியில் தொலைந்தது. பதினொன்றாயின் ஒரு கட்டளை இருமுறை சென்றது. இரண்டாவது குற்றம் முதலாவதிலும் கொடிது. தொலைந்த கட்டளையை உரியவர் விரைவில் உணர்ந்து முறையிடுவார், இரட்டித்த கட்டளையோ கணக்கை முடிக்குங் காலம்வரை மறைந்திருத்தல் கூடும்.

வேண்டுமென்றே கெடுத்தல்

மேற்கூறியன யாவும் நற்காலத்துச் சோதனைகள். ஒருங்கிணைப்புச் சேவையகத்தின் தரம் இடர்க்காலத்திலேயே வெளிப்படும். ஆகவே இடரைச் சோதிப்பவரே உண்டாக்குதல் வேண்டும்.

மாதிரியை ஆக்கியோர் இதற்கு முன்னரே வழி செய்துள்ளனர். ஈ, ஆர், ஆர் எனும் மூன்று ஆங்கில எழுத்துகளாலான குறியீட்டை அனுப்பினால் வழங்குநர் விலை கூறாது பிழையொன்றைத் தோற்றுவிக்கும். அப்பிழை நடுவரைக் கடந்து வேண்டுநரை எவ்வடிவில் அடைகின்றதென்று நோக்குதல் வேண்டும். சோப் 1.1 விதிப்படி, பிழைச் செய்தி எச்.ரி.ரி.பி. வழியே வருங்கால் 500 எனும் நிலைக்குறியோடு வருதல் வேண்டும். நடுவர் அப்பிழையை விழுங்கிவிட்டு வெறுமையான விடையை நல்லவிடை போல அனுப்புமாயின், அது வழங்குநரின் பிழையைக் காட்டிலும் பெரும் பிழையாகும்.

அடுத்து, வழங்குநரை முற்றாக நிறுத்திவிட்டுச் செய்தியை அனுப்புதல் வேண்டும். இணைப்புக் கிட்டாதவிடத்து நடுவர் அவ்வழங்குநரைச் சிறிது காலம் இடைநிறுத்தம் செய்யும். அக்காலம் தவறுந்தோறும் பெருக்கல் விருத்தியில் வளருமாறு அமைக்கலாம். தொடக்கம் 2 செக்கனும் விகிதம் 2உம் ஆயின், அது 2, 4, 8, 16 என வளர்ந்து, குறித்த உச்ச எல்லையில் நிற்கும். நோயுற்ற வழங்குநரை மேலும் மேலும் தட்டியெழுப்பி நலியச் செய்யாமையே இதன் நோக்கம். ஆயின் வழங்குநரை மீண்டும் இயக்கியவுடனே விடை வராமை கண்டு, நடுவர் பழுதுற்றதெனப் புதியோர் எண்ணுவதுண்டு. இடைநிறுத்தக் காலம் இன்னும் முடியாமையே அதன் காரணமாகலாம்.

மூன்றாவதாக, வழங்குநர் இறந்தொழியாது மெதுவாக விடையிறுக்கும் நிலை. இறந்த வழங்குநரினும் தாமதிக்கும் வழங்குநர் அதிக இடர் விளைக்கும். ஏனெனின், அதற்காகக் காத்திருக்கும் ஒவ்வொரு வேண்டுகோளும் நடுவரின் வளத்திற் சிறிதளவைப் பிடித்து வைத்திருக்கும். இங்கு ஆராயவேண்டியது காத்திருப்பு எல்லைகளின் ஒழுங்கு. வேண்டுநர் 30 செக்கன் பொறுத்திருக்க, நடுவர் வழங்குநருக்காக 60 செக்கன் பொறுத்திருக்குமாயின், கேட்டவர் எழுந்து சென்ற பின்னரும் நடுவர் அவருக்காக விடையை எதிர்பார்த்து நிற்கும். உள்ளிருக்கும் எல்லை வெளியிலிருக்கும் எல்லையிலுங் குறைந்ததாக இருத்தல் வேண்டும்.

நான்காவதாக, மாற்று வழங்குநரைக் கொண்ட ஏற்பாடு. 9001, 9002, 9003 ஆகிய துறைகளில் ஒரே வகையான மூன்று வழங்குநரை இயக்கி, ஒன்றை நிறுத்தியவுடன் நடுவர் அடுத்ததை நாடுகின்றதோ எனச் சோதிக்கும் வழியும் இம்மாதிரியில் உண்டு. விலை கேட்டலுக்கு இவ்வேற்பாடு முற்றும் பொருந்தும். ஒரு கேள்வியை இருமுறை கேட்பதால் எவர்க்கும் நட்டமில்லை. பங்கு வாங்கும் கட்டளைக்கு அது பொருந்துமோ? முதல் வழங்குநர் கட்டளையை நிறைவேற்றிவிட்டு, அதனை அறிவிக்குமுன் இணைப்பு அறுமாயின், நடுவர் அக்கட்டளையை இரண்டாம் வழங்குநருக்கும் அனுப்பும். பங்குகள் இருமுறை வாங்கப்படும். இதனைத் தடுத்தற்குக் கட்டளை ஒவ்வொன்றும் தனக்கேயுரிய அடையாள இலக்கத்தைத் தாங்கிச் செல்லவும், வழங்குநர் அனைவரும் அவ்விலக்கங்களைப் பொதுவாக ஓரிடத்திற் பதிந்து, முன்னர்க் கண்ட இலக்கத்தை மீண்டும் ஏலாது விடவும் வேண்டும். ஓய்வூதியம் வழங்கல், பணம் மாற்றல், மருந்து விதித்தல் முதலிய அலுவல்களில் இக்கவனம் எத்துணை இன்றியமையாதது என்பது கூறாமலே விளங்கும்.

சுமையும் சராசரியும்

ஒரு வேண்டுகோளுக்குச் செவ்வையாக விடையளிக்கும் சேவையகம் ஆயிரம் வேண்டுகோள்கள் ஒருங்கே வரும்போதும் அவ்வாறே இயங்கும் என்பதற்கு உறுதியில்லை. ஆகவே பல வேண்டுநரைப் போன்று நடிக்கும் கருவிகளைக் கொண்டு சுமைச் சோதனை செய்யப்படும். அதன் முடிவைச் சராசரியால் மட்டும் கூறுதல் பெரும்பாலும் மயக்கந் தரும். நூறு வேண்டுகோள்களுள் 99 வேண்டுகோள்களுக்கு 50 மில்லிசெக்கனிலும், எஞ்சிய ஒன்றுக்குப் பத்துச் செக்கனிலும் விடை வந்ததாயின், சராசரி 149.5 மில்லிசெக்கனாகும். அவ்வெண்ணைக் காண்பவர் சேவை சற்றே மந்தமானது என்று கருதுவாரேயன்றி, நூற்றில் ஒருவர் பத்துச் செக்கன் காத்திருந்தார் என்பதை அறியார். ஆகவே தேர்ந்தவர், நூற்றுக்கு 95 வேண்டுகோள்கள் எவ்வளவு காலத்துள் முடிந்தன, 99 எவ்வளவு காலத்துள் முடிந்தன, மிக நீண்ட காலம் யாது என்பவற்றைச் சராசரியோடு சேர்த்துக் கூறுவர்.

மாதிரி காட்டாதவை

மாதிரிச் சோதனைகள் அனைத்திலும் தேறிய சேவையகம் எல்லாவற்றிற்கும் தகுதியுடையதெனக் கொள்ளலாகாது. வேண்டுநர், நடுவர், வழங்குநர் ஆகிய மூன்றும் பெரும்பாலும் ஒரே கணினியில் இயக்கப்படும். அப்பொழுது செய்தி கம்பியையோ காற்றையோ கடப்பதில்லை; வலையின் தாமதமும் தடங்கலும் பாதுகாப்புத் தடைகளும் தோன்றுவதில்லை. அவற்றை அறிதற்கு மூன்றையும் வெவ்வேறு கணினிகளில் வைத்துச் சோதனையை மீண்டும் நிகழ்த்துதல் வேண்டும்.

தமிழ் வழங்கும் நாடுகளிற் சிறப்பாகக் கவனிக்கத்தக்க குறை இன்னொன்று உண்டு. மாதிரியில் வருங் குறியீடுகள் யாவும் ஆங்கில எழுத்துகளாலானவை. யூ.ரி.எப். 8 எனும் குறிமுறையில் ஆங்கில எழுத்தொன்று ஒரு பைற்றை மட்டும் கொள்ளும். தமிழ்க் குறி ஒவ்வொன்றும் மூன்று பைற்றுகளைக் கொள்ளும். 'யாழ்ப்பாணம்' எனும் சொல் படிப்பவர்க்கு ஆறெழுத்து. கணினியில் அது புள்ளியும் காலும் தனித்தனியே எண்ணப்பட்டுப் பதினொரு குறிகளாகி, 33 பைற்றுகளாகச் சேமிக்கப்படும். ஊர்ப் பெயருக்கு 20 பைற்று என எல்லை வகுத்த ஓர் அமைப்பை அச்சொல் கடக்குமாயின், ஆறு குறிகளுக்குப் பின் ஏழாவது குறி நடுவே வெட்டுண்டு சிதையும். ஆங்கிலக் குறியீடுகளை ஆயிரம் முறை அனுப்பினும் இக்குற்றம் வெளிப்படாது. தமிழ்ப் பெயர் ஒன்றையும் சிங்களப் பெயர் ஒன்றையும் மாதிரியிற் சேர்த்து அனுப்பினால் முதல் முறையிலேயே வெளிப்படும். பிறப்புப் பதிவிலும் பரீட்சைச் சான்றிதழிலும் ஒருவர் பெயர் சிதைதல் அவருக்கு எத்துணை அலைச்சலைத் தருமென்பதை நினைப்பவர், இச்சிறு சோதனையைச் செய்யத் தவறார்.

முடிவுரை

சோதனையானது குற்றமுண்டாயின் அதனைக் காட்ட வல்லது. குற்றமே இல்லையென நிறுவ வல்லதன்று. ஒல்லாந்துக் கணினியறிஞரான எட்ஸ்கர் டெய்க்ஸ்ட்ரா இதனை வற்புறுத்தி வந்தார். ஆகவே மாதிரிச் சோதனை தரும் நற்சான்று அளவுக்குட்பட்டது. எவை சோதிக்கப்பட்டன, எவை சோதிக்கப்படவில்லை என இரு நிரல்களையும் எழுதிவைத்தலே நேர்மையான சோதனை அறிக்கையின் இலக்கணமாகும். செவ்வாயை நோக்கிச் சென்ற கலம் அழிந்ததற்கு மூலமான அளவைப் பிறழ்ச்சி, அறிந்த எண்ணொன்றை ஒரு முனையிலிட்டு மறுமுனையில் அதே எண்ணாக வருகின்றதோ என்று பார்த்திருந்தால் நிலத்திலேயே வெளிப்பட்டிருக்கத்தக்கது. பங்கின் பொய்விலையைக் கூறும் அச்சிறு மாதிரிச் சேவை கற்பிப்பதும் அதுவே. அறிந்ததொன்றை அனுப்புக, அது சென்ற வழியெங்கும் நின்று நோக்குக, பின்னர் வழியைக் கெடுத்து மீண்டும் நோக்குக. இவ்வொழுங்கைக் கைக்கொண்டு பழகிய மாணவர், நாளை வைத்தியசாலையின் மருந்துக் கட்டளையையோ முதியோரின் ஓய்வூதியத்தையோ ஏந்திச் செல்லும் சேவையகம் தம் பொறுப்பில் வருங்கால், அதனை நம்புதற்கும் நம்பாது ஆராய்தற்கும் உரிய அறிவைப் பெற்றிருப்பர்.